பொன்னில் பூத்த பூ, மண்ணில் பூக்கும் பூ

(தொடர்கல்வி மையத்தில் கூடியிருப்போருக்கான உரை)



இன்றைய பேச்சு பூவைப் பற்றியது. காலையில் பூத்து மாலையில் வாடும் பூவைப் பற்றி அல்ல, கையால் செய்த பூவைப் பற்றியது. பொன்னால் செய்த பூ, மண்ணால் செய்த பூ இரண்டும் இதில் வரும். அந்தப் பூவைச் செய்த கைக்கு என்ன கூலி கிடைத்தது என்ற கேள்வியும் வரும்.

வாடாத பூ

திருமலைக்குப் போகிறவர்கள் அங்கே தலையில் பூ வைத்துக்கொள்வது இல்லை. அந்த மலையில் பூக்கும் பூ எல்லாம் சுவாமிக்கே என்பது வழக்கம். திருமலைக்குப் புஷ்ப மண்டபம் என்றே ஒரு பெயர் உண்டு.

கீழே திருச்சானூரில் இருக்கும் தாயாரின் பெயர் என்ன? அலமேலு மங்கை. நம் வீடுகளிலும் எத்தனையோ அலமேலுகள் உண்டு. அந்தப் பெயருக்குப் பொருள் தெரியுமா? அலர் என்றால் மலர்ந்த பூ. அலர்மேல் மங்கை என்றால் பூவின் மேல் இருக்கும் பெண். பேச்சில் தேய்ந்து தேய்ந்து அது அலமேலு ஆயிற்று. திருச்சானூர்க் குளத்தில் பொன் தாமரையில் தாயார் தோன்றினார் என்று கதை சொல்வார்கள்.

பூ அழகானது. ஆனால் வாடிவிடும். பொன் வாடாது, துருவும் பிடிக்காது. ஆகவே பூவையே பொன்னில் செய்துவிட்டால் என்ன? உலகத்தில் பல நாட்டு மக்களுக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது.

திருமலையில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் ஒரு பூசைக்கு அஷ்டதள பாத பத்மாராதனை என்று பெயர். இதில் 108 பொன் தாமரைப் பூக்களால் அர்ச்சனை செய்கிறார்கள். தேவஸ்தானத்தின் பொன்விழாவை ஒட்டி 1984-ல் இந்தப் பூசை தொடங்கியது. அந்தப் பொற்பூக்களைக் கொடுத்தவர் குண்டூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பக்தர். பூவுக்குச் சாதி மதம் கிடையாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

தமிழ்நாட்டிலும் இது பழைய வழக்கம். பாட்டுப் பாடும் பாணர்களுக்கு அரசர்கள் பொன்னால் செய்த தாமரையைச் சூட்டினார்கள் என்று சங்க நூல்கள் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜ சோழன், போரில் வென்று திரும்பியபோது இறைவன் திருவடியில் பொற்பூக்களை இட்டு வணங்கினான். கோயில் கல்வெட்டில் இந்தச் செய்தி இருக்கிறது.

கிரேக்க நாட்டுப் பொன் இலை

கடல் கடந்து போனால் கிரேக்க நாடு. நம் முன்னோர் அந்த நாட்டாரை யவனர் என்று அழைத்தார்கள். கப்பலில் வந்து மிளகு வாங்கிப் போனவர்களும் இந்த யவனர்களே.

கிரேக்க நாட்டில் வெற்றி பெற்றவனுக்கு இலைகளால் ஆன வளையத்தைத் தலையில் சூட்டுவார்கள். ஒலிம்பியா என்ற ஊரில் நடந்த போட்டிகளில் வென்றவனுக்கு ஆலிவ் மரத்தின் இலை. டெல்பி என்ற ஊரில் வென்றவனுக்கு லாரல் மரத்தின் இலை. வாகை சூடினான் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ என்று நம் அரசர்களுக்கும் அடையாளப் பூக்கள் இருந்தன. அதே போன்ற வழக்கம்தான் அதுவும்.

இந்த இலை வளையங்களைக் கிரேக்கர்கள் பொன்னிலும் செய்தார்கள்.

வெர்ஜினா என்பது கிரேக்க நாட்டின் வடக்கே உள்ள சிற்றூர். அங்கே ஒரு பெரிய மண்மேடு இருந்தது. மனோலிஸ் ஆன்ட்ரோனிகோஸ் என்ற ஆய்வாளர் 1977-ல் அந்த மேட்டைத் தோண்டினார். உள்ளே ஓர் அரசனின் கல்லறை, கல்லறைக்குள் ஒரு பொன் பெட்டி. பெட்டியில் எரித்த எலும்புகளும், ஒரு பொன் இலை வளையமும் இருந்தன. அந்த அரசன் மாவீரன் அலெக்சாந்தரின் தந்தை இரண்டாம் பிலிப் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பிலிப் கொல்லப்பட்டது கி.மு. 336-ல். அதாவது, அந்த நகைக்கு வயது சுமார் 2,350 ஆண்டுகள்.

அது ஓக் மரத்தின் இலைகளைப் போல் செய்த வளையம். அதில் 313 இலைகளும் 68 காய்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்து கோத்தது. அந்தக் கல்லறையின் முன்னறையில் ஒரு பெண்ணின் எலும்புகள் இருந்தன. அவளுக்கு மிர்ட்டில் என்ற பூஞ்செடியின் இலையும் பூவுமாகச் செய்த பொன் வளையம் வைத்திருந்தார்கள்.

இறந்தவர்களுக்குப் பொன் அணிவித்து அனுப்பும் வழக்கம் நம் பக்கத்திலும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில், இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஆதிச்சநல்லூரில், மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்துள்ளன. சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி அவற்றைத் தோண்டி எடுத்தார்.

எப்படிச் செய்தார்கள்?

அரசன் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. தோண்டியவர் பெயரும் இருக்கிறது. செய்த ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவருடைய கைவேலை நன்றாகத் தெரிகிறது. அதைப் பார்த்தால் நம் ஊர்ப் பத்தர் ஒருவர், "அட, இது நம்ம வேலைதானே!" என்று சொல்வார்.

முதலில் பொன்னைத் தட்டித் தட்டி மெல்லிய தகடாக்குவார்கள். தகட்டை இலை வடிவில் வெட்டுவார்கள். கூரிய கருவியால் அழுத்தி இலை நரம்பு போடுவார்கள். பிறகு காம்பில் இணைப்பார்கள்.

இரண்டாவது, கம்பி வேலை. பொன்னை நூல் போன்ற கம்பியாக்கி, வளைத்து, சுருட்டி, தகட்டின் மேல் வைத்து ஒட்டுவார்கள். பூவின் இதழ் ஓரத்தில் கோலம் போட்டதுபோல் அந்தக் கம்பி ஓடும்.

மூன்றாவது, ரவை வேலை. உப்புமா ரவையைவிடவும் சிறிய பொன்மணிகளை வரிசையாக வைத்து ஒட்டுவது. பொன் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி, கரித்தூளில் கலந்து சூடாக்கினால், ஒவ்வொரு துண்டும் உருகித் தானே உருண்டையாகிவிடும். வாழை இலையில் விழுந்த நீர்த்துளி உருண்டு நிற்கிறதே, அதுபோலத்தான். பூவின் மகரந்தம் இருக்கும் இடத்தில் இந்த ரவையை வைப்பார்கள்.

நம் ஊர்ப் பத்தரின் பட்டறையில் குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், வெங்காரம், சிறு இடுக்கி எல்லாம் உண்டு. கம்பி வேலையும் ரவை வேலையும் அவர்களுக்கும் கைவந்த கலை. நம் ஜடைநாகத்தைப் பாருங்கள். உச்சியில் ராக்கொடி. அதன் கீழே தாழம்பூ. அதன் கீழே பூவும் மொட்டுமாகப் பின்னல் முழுவதும் இறங்கும். மல்லிகை மொட்டு மாலை, மாங்காய் மாலை எல்லாம் செடியையும் மரத்தையும் பார்த்துச் செய்தவை. கம்மல் என்ற சொல்லே கமலம், அதாவது தாமரை, என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

ஆந்திர மண்ணின் காதணி

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு ஜோடிப் பொன் காதணி இருக்கிறது. அது சுமார் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், பெரும்பாலும் ஆந்திரப் பகுதியில் செய்தது என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். கொடி சுருண்டு, தளிர் விட்டு வளர்வதுபோல் அதன் வடிவம். அதன் மேல் ஒரு யானையும் சிறகு உள்ள சிங்கமும். அந்த விலங்குகளின் உடம்பு முழுவதும் பொன் ரவையும் கம்பித் துண்டும் தகடும் சேர்த்துக் கட்டியது.

அதே காலத்தில் கிரேக்க நாட்டு ஆசாரியும் பொன் ரவையை வைத்துப் பூச் செய்துகொண்டிருந்தார். இங்கே ஆந்திர மண்ணின் ஆசாரியும் பொன் ரவையை வைத்துத் தளிர் செய்துகொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இருவர் கண்ணும் செடியைப் பார்த்தது. இருவர் கையும் நெருப்பை அறிந்தது.

ஆறு இதழின் கணக்கு

பழைய கிரேக்க நகைகளில் அடிக்கடி வரும் வடிவம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் இதழ்கள். நம் ஏழுகல் தோட்டிலும் அதுதான். நடுவில் ஒரு கல், சுற்றிலும் ஆறு கல். ஏன் ஆறு? ஐந்தோ ஏழோ வைத்தால் என்ன?

ஏழு ஒரு ரூபாய் நாணயங்களை எடுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்றை நடுவில் வையுங்கள். மற்றவற்றை அதைத் தொட்டபடி சுற்றி வையுங்கள். சரியாக ஆறு நாணயம் பிடிக்கும். ஐந்து வைத்தால் இடைவெளி விழும். ஏழாவதற்கு இடம் இருக்காது. இது வட்டத்தின் இயற்கை. கிரேக்க நாணயம் ஆனாலும் நம் நாணயம் ஆனாலும் இதே கணக்குத்தான்.

ஐந்து இதழ்ப் பூ வேண்டுமானால் என்ன செய்வது? ஒரு டப்பா மூடியைச் சுற்றி நூலைச் சுற்றுங்கள். ஒரு சுற்று அளவுக்கு நூலை வெட்டுங்கள். அதை ஐந்து சம பாகமாக மடித்து, மடிப்பில் மையால் புள்ளி வையுங்கள். மறுபடியும் மூடியைச் சுற்றினால் ஐந்து புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இதழ். வாசலில் கோலம் போடும் கைக்கு இது பெரிய வேலை இல்லை.

ஏழையின் பொற்பூ

பொன் இலை வளையம் அரசனுக்குச் சரி. அந்த நாட்டு ஏழைக்கு?

கிரேக்க நாட்டில் எல்லோராலும் பொன் வாங்க முடியவில்லை. ஆகவே கைவினைஞர்கள் இன்னொரு வழி கண்டார்கள். களிமண்ணில் பூவும் மணியும் காயும் செய்து சுட்டார்கள். அதன் மேல் மிக மெல்லிய பொன் தாளை ஒட்டினார்கள். இப்படிப்பட்ட சுடுமண் பூக்கள் பழைய கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. பொன் பாதி உதிர்ந்துபோய், உள்ளே சிவந்த மண் தெரிகிறது. ஆனால் பூவின் வடிவம் அப்படியே இருக்கிறது.

அழகு பொன்னின் விலையில் இல்லை, வேலையின் நேர்த்தியில் இருக்கிறது. அந்தச் சுடுமண் பூக்கள் இதைத்தான் சொல்கின்றன.

சித்தூர் மாவட்டத்தில் பலமநேர்ப் பக்கத்துச் சுடுமண் பொம்மைகள் பெயர் பெற்றவை. அதே மண்ணில் பூ நகையும் செய்யலாம். முறை இதுதான்:

1. குயவர் பயன்படுத்தும் களிமண்ணை வாங்குங்கள். உலர்த்தி, பொடியாக்கி, தண்ணீரில் ஊறவையுங்கள்.

2. ஊறிய மண்ணை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கல்லும் வேரும் நீங்கும். நீர் வற்றியதும் சப்பாத்தி மாவுபோல் நன்றாகப் பிசையுங்கள்.

3. ஒரு சிறு திரியை உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் மண் பதம்.

4. நடுவுக்கு ஓர் உருண்டை. இதழுக்கு ஆறு சிறு உருண்டை. ஒவ்வோர் உருண்டையையும் விரலால் அழுத்தி இதழ் ஆக்குங்கள். ஒட்டும் இடத்தில் ஊசியால் கீறி, குழம்பு மண்ணைத் தடவி ஒட்டுங்கள். கீறாமல் ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும்.

5. கம்பி மாட்டும் துளையை ஈரத்திலேயே போடுங்கள். மண் காயும்போது சுருங்கும். துளையும் சுருங்கும். ஆகவே சற்றுப் பெரிதாகவே போடுங்கள்.

6. நிழலில் சில நாள் உலர்த்துங்கள். நேரே வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் காய்ந்து வெடிக்கும். முழுவதும் காய்ந்த பிறகு ஒரு நாள் வெயில் காட்டலாம்.

7. ஒரு மண் சட்டியில் உமியைப் பரப்பி, பூக்களை அடுக்கி, மேலும் உமி போட்டு மூடுங்கள். சட்டியைச் சுற்றி வரட்டி அடுக்கித் தீ மூட்டுங்கள். தொடக்கத்தில் தீ மெதுவாக இருக்க வேண்டும். ஈரம் சிறிது மிச்சம் இருந்தாலும் அது ஆவியாகிப் பூவை உடைத்துவிடும்.

8. முழுவதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றுப் பட்டுப் பூ விரியும். தட்டினால் கணீரென்று ஓசை வர வேண்டும். வேகாத பூ தண்ணீர் பட்டால் மறுபடியும் மண்தான்.

கூரை வீட்டுக்கு அருகில் இந்தச் சூளையை மூட்டாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். சுட்ட பிறகு வண்ணம் பூசி, கொக்கி மாட்டினால் தோடு தயார். வெர்ஜினா வளையத்தில் இலைகள் தனித்தனிக் காம்பில் நிற்கின்றன அல்லவா? அதுபோல் இரண்டு சிறு இலைகளை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டுப் பாருங்கள். தலை அசைந்தால் இலையும் அசையும்.

நம் ஊர்ப் பூ எது?

கிரேக்க ஆசாரியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஓக் இலை அல்ல. ஓக் மரம் நம் ஊர்த் தெருவில் இல்லை. அவருடைய மலையில் வளர்ந்த மரத்தை அவர் கூர்ந்து பார்த்தார். இலையின் ஓரம் எப்படி வளைகிறது, காய் எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் கற்க வேண்டும்.

நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது? ஏரிக்கரையில் எருக்கம்பூ. ஐந்து இதழ், நடுவில் ஒரு கிரீடம். பூவே நகைபோல இருக்கும். வேலியில் ஆவாரம்பூ. கோயில் நந்தவனத்தில் நந்தியாவட்டை. அதன் இதழ்கள் காற்றாடிபோல் ஒரே பக்கம் திரும்பி நிற்கும். சித்தூர் மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. மாங்காய் வடிவமும், மாந்தளிரும், மாம்பூங்கொத்தும் நம் கண்ணுக்குப் பழகியவை.

சேஷாசல மலையில் செம்மரம் வளர்கிறது. அந்த மரத்தின் காயை உற்றுப் பார்த்தவர் எத்தனை பேர்? வட்டமான காய். நடுவில் விதையின் மேடு. சுற்றிலும் மெல்லிய சிறகு. பொற்காசு போலவே இருக்கும். செம்மரத்தை வெட்டுவது குற்றம். அந்த ஆசையில் காட்டுக்குப் போன கூலியாட்கள் பலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். ஆனால் அந்தக் காயின் அழகைக் களிமண்ணில் செய்ய யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

வாடிய பூவிலும் வேலை இருக்கிறது. திருமலையில் பூசை முடிந்த பூக்களைப் பக்தர்களுக்குக் கொடுப்பது இல்லை. 2021-ல் தேவஸ்தானம் இந்தப் பூக்களிலிருந்து ஊதுவத்தி செய்யத் தொடங்கியது. பூக்களைப் பதமாக உலர்த்தி, படங்களும் சிறு பொருட்களும் செய்யும் வேலையும் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு நடந்தது. இந்த வேலையில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

கூலிக் கணக்கு

பூ நகையைச் செய்துவிட்டோம். அதை என்ன விலைக்கு விற்பது? பல பெண்கள் ஏமாறும் இடம் இதுதான்.

ஒரு பெண் 20 ஜோடித் தோடு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மண், வண்ணம், கொக்கி, அட்டை எல்லாம் சேர்த்து 300 ரூபாய். உமி, வரட்டி 60 ரூபாய். திருப்பதிக்குப் போய்வரப் பஸ் கட்டணம் 80 ரூபாய். கைச்செலவு மொத்தம் 440 ரூபாய். சுடும்போது 4 ஜோடி உடைந்துவிட்டது. விற்க மிச்சம் இருப்பது 16 ஜோடி.

கடைக்காரர் ஜோடி 40 ரூபாய்க்குக் கேட்கிறார். அவளும் கொடுத்துவிடுகிறாள். கையில் 640 ரூபாய் வருகிறது. அவளுக்கு மகிழ்ச்சி. ஆனால் 440 ரூபாய்ச் செலவைக் கழித்தால் மிச்சம் 200 ரூபாய்தான். அவள் உழைத்தது இரண்டு நாள். ஒரு நாளைக்கு 100 ரூபாய். களை எடுக்கப் போயிருந்தாலும் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

எங்கே தவறு? தன் உழைப்பை அவள் செலவில் சேர்க்கவில்லை. வீட்டில் இருந்து செய்கிற வேலைதானே என்று விட்டுவிட்டாள். உடைந்த நாலு ஜோடியையும் மறந்துவிட்டாள்.

சரியான கணக்கு இப்படி. செலவு 440 ரூபாய். நாளுக்கு 400 ரூபாய் வீதம் இரண்டு நாள் கூலி 800 ரூபாய். மொத்தம் 1,240 ரூபாய். இதை 20-ஆல் வகுக்கக் கூடாது. விற்கப்போகும் 16-ஆல் வகுக்க வேண்டும். ஜோடிக்கு 77 ரூபாய் 50 காசு. இது அடக்க விலை. இதற்குக் கீழே விற்றால் அவள் கைக்காசைப் போட்டு மற்றவருக்கு நகை கொடுக்கிறாள் என்று பொருள்.

தனியாகப் பேரம் பேசினால் கடைக்காரர் கை ஓங்கும். மகளிர் குழுவாகப் போய்ப் பேசினால் பேச்சு வேறு. களிமண்ணையும் கொக்கியையும் குழுவாக மொத்தமாக வாங்கினால் செலவும் குறையும். ஒரே சூளையில் பலர் பூவையும் சுடலாம்.

எடை போட்டு எழுதினார்கள்

கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்துக் கோயிலுக்குப் பொன் இலை வளையங்களைக் காணிக்கை கொடுத்தார்கள். கோயில் பொறுப்பாளர்கள் அவற்றை எடை போட்டார்கள். எந்த நகை, எவ்வளவு எடை என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கற்கள் இன்றும் இருக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் அதே செய்தி. ராஜராஜன் கொடுத்த நகைகளை ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்தார்கள். எத்தனை முத்து, எத்தனை பவளம் என்று எண்ணினார்கள். அரக்கும் சரடும் சேர்ந்த எடையா என்பதைக்கூட எழுதி வைத்தார்கள். திருமலைக் கோயிலிலும் பழைய கல்வெட்டுகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. சாமவை என்ற பல்லவ குல அரசி கொடுத்த நகைகளின் விவரம் அவற்றில் ஒன்று.

அரசனும் அரசியும் கொடுத்த நகைக்கே எழுத்து வேண்டியிருந்தது. நாம் பாடுபட்டு வாங்கும் அரைப் பவுனுக்கு எழுத்து வேண்டாமா?

நகை வாங்கும்போது நான்கு செய்திகளைப் படித்துப் பாருங்கள். முதலாவது, நகையில் 916 என்ற எண் இருக்கிறதா? அது 22 காரட் பொன். 24 பாகத்தில் 22 பாகம் சுத்தப் பொன். அப்படியானால் 8 கிராம் கொண்ட ஒரு பவுனில் சுத்தப் பொன் சுமார் 7.33 கிராம். இரண்டாவது, ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து எண் கொண்ட அடையாளக் குறியும் இருக்கின்றனவா? 2021 முதல் படிப்படியாகப் பல மாவட்டங்களில் இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். மூன்றாவது, கல்லின் எடை தனியாகவும் பொன்னின் எடை தனியாகவும் ரசீதில் இருக்கின்றனவா? கல்லைப் பொன் விலைக்கு வாங்கக் கூடாது. நான்காவது, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு?

அடகு வைக்கும்போதும் சீட்டைப் படியுங்கள். நகையின் எடை, வாங்கிய தொகை, வட்டி, தேதி நான்கும் இருக்க வேண்டும். இரண்டு வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். மாதம் நூற்றுக்கு 2 ரூபாய். ஆண்டுக்கு 24 ரூபாய். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள், படித்த பிறகே போட வேண்டும்.

ஒரு வார்த்தை கல்யாண வீட்டைப் பற்றியும். பெண்ணுக்கு இத்தனை பவுன் போட வேண்டும் என்று கேட்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பவுனுக்காக நிலத்தை விற்றவர்கள் நம் ஊரிலும் உண்டு. பொற்பூ அழகுதான். ஒரு குடும்பத்தின் வாழ்வையே விலையாகக் கேட்டால் அந்தப் பூவில் மணம் இருக்காது.

வெர்ஜினாவின் பொன் இலையைச் செய்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று பூ நகை செய்கிற பெண்களுக்கு அந்தக் குறை வேண்டாம். செய்த நகையின் அட்டையில் உங்கள் பெயரையும் ஊரையும் விலையையும் எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.



கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் உள்ள நகைகளில் பூ, இலை, காய் வடிவம் கொண்டவை எவை? அவற்றின் பெயர்களை எழுதுங்கள்.

2. உங்கள் ஊரில் பூக்கும் ஐந்து பூக்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை இதழ் என்று எண்ணி எழுதுங்கள்.

3. குழுவில் ஒருவர் 30 ஜோடித் தோடு செய்கிறார். 5 ஜோடி உடைந்துவிட்டது. கைச்செலவு 600 ரூபாய். கூலி 1,200 ரூபாய். ஒரு ஜோடியின் அடக்க விலை என்ன?

4. பழைய நகை ரசீது ஒன்றைக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து படியுங்கள். அதில் எந்த விவரம் விட்டுப்போயிருக்கிறது?